கருவைக்குள் குடியேறிய குறிஞ்சிப் பறவை

ஐந்திணைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் யாராவது வந்தால் குழம்பித்தான் போவார்கள். குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, பாலைக்குப் பருந்தும் எருவையும் புறாவும் என்று இலக்கணக்காரர்கள் வகுத்து வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் அருவி கிடையாது, சுனை கிடையாது. கரிசலும் செவலும் கலந்து கிடக்கிற வெங்காடு. ஆண்டுக்கு எண்ணூறு மில்லிமீட்டர் அளவில் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் குண்டாறு மணலாகக் கிடக்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் பொழுது விடிவது மயில் அகவலோடு. பந்தல்குடியிலும் நரிக்குடியிலும் காரியாபட்டியிலும் சம்சாரிகள் இரண்டு பேர் கூடினால் மழைக்கு அடுத்தபடியாக மயிலைத்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பக்தி குறைவு, வசவு அதிகம்.

முருகன் வாகனம் ஏன் மலையை விட்டு இறங்கி மக்காச்சோளக் காட்டுக்குள் வந்தது? 'காடு அழிந்தது, அதனால் ஊருக்குள் வந்துவிட்டது' என்பது எல்லோர் வாயிலும் இருக்கிற பதில். யானைக்கு அது பொருந்தலாம். மயிலுக்குப் பொருந்தாது. மயில் இங்கே விரட்டப்பட்டு வந்த அகதி இல்லை. அதற்கு ஏற்ற வீட்டை நாமே இங்கே கட்டி வைத்தோம். கட்டி முடிக்க ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

முதலில் இந்தப் பறவையின் சொந்தபந்தத்தைப் பார்த்துவிடலாம். பறவையியலாளர்கள் ஃபெசன்ட் என்று சொல்லும் கூட்டத்தில் இந்தியாவில் 17 வகை உண்டு. பெரும்பாலானவை இமயமலைக்காரர்கள். உத்தராகண்டின் மாநிலப் பறவையான மோனால் உலோகம்போல் மினுங்கும் இறகோடு மரங்கள் முடிந்து புல்சரிவு தொடங்குகிற உயரத்தில் வாழ்கிறது. இமாச்சலத்தின் மாநிலப் பறவை மேற்கத்திய டிராகோபன். சிக்கிமுக்கு ரத்தச் சிவப்புத் தீற்றல் போட்ட ஃபெசன்ட். மணிப்பூருக்கும் மிசோரமுக்கும் ஹ்யூம் துரையின் மனைவி பெயரைத் தாங்கிய ஃபெசன்ட். மலை மாநிலங்கள் ஆளுக்கொரு ஃபெசன்டை முத்திரையாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட உயரத்தை, ஒரு குறிப்பிட்ட புதரைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. பனி இறங்கினால் அதுவும் கீழே இறங்கும், பனி விலகினால் மேலே ஏறும். அந்தப் புதர் போனால் பறவையும் போயிற்று. டிராகோபனை அழிவிலிருந்து காக்க சராஹனில் பண்ணை வைத்து முட்டையைப் பொரிக்கவைத்துப் பார்க்க வேண்டிய நிலைக்கு இமாச்சலம் வந்தது இப்படித்தான்.

தெற்கே இந்தக் குடும்பத்துக்கு மலையில் ஆள் இல்லாமல் இல்லை. நம் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் காட்டுக்கோழி கூவுகிறது. 1988இல் சாம்பல் அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்த காடு அது. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத கோழி. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா பெயரை அதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். இலங்கைக்கு வேறொரு காட்டுக்கோழி. அங்கே அதுதான் தேசியப் பறவை. இவையெல்லாம் கோழி, கௌதாரி, காடை, மயில் என்று விரிகிற ஒரே குடும்பம். ஐந்து திணையில் இரண்டு திணைக்கு இந்தக் குடும்பத்திலிருந்துதான் பறவை எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மேட்டு நிலத்தை அடையாளம் காட்ட இதைவிடப் பொருத்தமான பறவை நம் முன்னோர் கண்ணில் படவில்லை.

குடும்பம் ஒன்றானாலும் குடித்தனம் ஒன்றில்லை. இமயத்தில் சீர் என்றொரு ஃபெசன்ட் இருக்கிறது. ஆணும் பெட்டையும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் சோடியாகத் திரியும். நம் கரிசலின் கௌதாரியும் அப்படித்தான். ஓடைக்கரையில் ஒரு கௌதாரி கத்தினால் பக்கத்திலேயே அதன் சோடி இருக்கும் என்று வலை போடுகிறவர்களுக்குத் தெரியும்; கூண்டில் ஒன்றை வளர்த்துப் பார்வையாக வைத்து மற்றவற்றைப் பிடித்தது அந்தக் குணத்தை அறிந்துதான். டிராகோபன் ஆண் பாறை மறைவிலிருந்து தலையைத் தூக்கி, கழுத்துக்குக் கீழே நீலமும் சிவப்புமாக ஒரு சதைப் பையை விரித்துக் காட்டும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை தரையில் முட்டையிட, அது மட்டும் மரத்தில் கூடு கட்டும். எந்த வகையில் ஆண் அதிகமாக அலங்காரம் செய்துகொள்கிறதோ, அந்த வகையில் குஞ்சு வளர்ப்பில் ஆணின் பங்கு குறைவு என்பதுதான் பொதுவான கணக்கு. மயில் அதன் உச்சம்.

மயிலின் தோகை வால் இல்லை. வாலுக்கு மேலே முளைத்த இறகுகள் நீண்டு ஒன்றரை மீட்டர் வரை வளர்ந்தவை. கண்போட்ட இறகு மட்டும் நூற்றைம்பது பக்கம் இருக்கும். ஆணுக்குத் தோகை நிறைய மூன்று ஆண்டாவது ஆகும். ஆட்டக்காலம் முடிந்ததும் அத்தனையும் உதிர்ந்து, அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து முளைக்கும். நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை, ஓடி ஒளிய வேண்டிய பறவை, இப்படி ஒரு சுமையை எதற்கு ஆண்டுதோறும் வளர்த்துக்கொள்கிறது என்பது சார்லஸ் டார்வினைத் தூங்கவிடாத கேள்வி. மயிலிறகைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று 1860இல் நண்பர் ஆசா கிரேக்குக் கடிதம் எழுதியவர் அவர். பதினோரு ஆண்டு கழித்து மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் விடை சொன்னார்: பெட்டை தேர்ந்தெடுக்கிறது, அதனால் ஆண் அலங்கரிக்கிறது. அந்தக் காலத்து அறிஞர் பலருக்கு இதை ஏற்க மனம் வரவில்லை. பெண் தேர்ந்தெடுப்பாள் என்பதையே ஒத்துக்கொள்ளாத சமூகம், பெட்டை மயில் தேர்ந்தெடுக்கும் என்பதை எப்படி ஒத்துக்கொள்ளும்?

இங்கிலாந்தில் மரியன் பெட்ரி 1990களில் கண்களை எண்ணிப் பார்த்து, கண் அதிகமுள்ள ஆணுக்குப் பெட்டை அதிகம் சேர்கிறது என்றார். ஜப்பானில் தாகாஹாஷி குழு ஏழு ஆண்டு கவனித்துவிட்டு, அப்படி எதுவும் தெரியவில்லை என்று 2008இல் எழுதியது. பிறகு கனடாக்காரர்கள் ரோஸ்லின் டேகினும் கூட்டாளிகளும் ஆட்டத்தின் அசைவை அளந்தார்கள். தோகையை விரித்து நிற்கும் ஆண் அதை நொடிக்கு 25 முறை அளவில் அதிரவைக்கிறது. சரசரவென்று நம் காதில் விழுவது ஒரு பகுதி; மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் அதில் உண்டு. அவ்வளவு அதிர்விலும் கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.

இதைப் படித்தபோது பேகன் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பழனி மலைப் பக்கத்துக் குறுநில மன்னன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைப் போர்த்தினான் என்பது கதை. மயில் பனிமலைப் பறவை இல்லை. மலையடிவாரத்து இலையுதிர் காடு, புதர், பக்கத்தில் நீர், இரவில் ஏறி அடைய உயர்ந்த மரம், இவைதான் அதற்கு வேண்டும். குறிஞ்சிப் பறவை என்றாலும் அது மலையின் மடியில் வாழ்வது, முடியில் இல்லை. பேகன் பார்த்த நடுக்கம் குளிர் நடுக்கமா, பெட்டைக்குக் காட்டிய நடுக்கமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பின்னதாக இருந்தால், வள்ளல் ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவனையாவது இரக்கம் மறைத்தது. 2017 மே 31 அன்று, தாம் ஓய்வுபெறும் நாளில், ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மயில் வாழ்நாள் பிரம்மச்சாரி என்றும், ஆணின் கண்ணீரைக் குடித்துப் பெட்டை கருவுறுகிறது என்றும், அதனால்தான் அது தேசியப் பறவை என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார். நாடே சிரித்தது. ஆனால் நம் ஊர்களிலும் மயில் மழைக்காக ஆடுகிறது என்று பாடம் நடத்தப்படுகிறதே தவிர, பெட்டைக்காக ஆடுகிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மழைக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு. அது குஞ்சு பொரிக்கும் நாளில் புழுவும் பூச்சியும் ஏராளமாகக் கிடைக்க வேண்டும் என்கிற கணக்கு. தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களை உச்சமாகப் பறவை நூல்கள் குறிக்கின்றன. மழை முன்னே பின்னே போனால் அதுவும் முன்னே பின்னே போகும்.

ஆட்டம் பார்க்க வந்த பெட்டை பிறகு தனியாகத்தான் போகிறது. கண்மாய்க் கரைச் சரிவில், கருவைத் தூரில், காய்ந்த இலைச்சருகில் காலால் சீய்த்து ஒரு பள்ளம், அதுதான் கூடு. வெளிறிய சந்தன நிறத்தில் நான்கு முதல் எட்டு முட்டை. நாட்டுக்கோழி முட்டையைவிடப் பெரியது, ஓடு கெட்டி. நான்கு வாரம் பெட்டை மட்டும் அடைகாக்கும். அதன் முதுகுப் பழுப்பு சருகோடு கலந்துபோவதால், கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுகிறவர்கள் ஏறக்குறைய மிதிக்கிற தூரம் வந்த பிறகுதான் அது படபடத்து எழும். அதற்குள் அரிவாள் பாதித் தூரை இறக்கியிருக்கும். முள் விலகிய பள்ளத்தில் முட்டை வெயிலில் கிடந்தால் காக்கையும் கீரியும் உடும்பும் மிச்சம் வைக்காது. தப்பிப் பொரிந்த குஞ்சு அன்றைக்கே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு வாரத்தில் சிறகடித்துத் தாழ்ந்த கிளை ஏறும். ஆண் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அந்தக் கருவைதான் இந்தக் கதையின் மையம். ஊரில் வேலிக்கருவை, சீமைக்கருவேல் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், அதைக் கொண்டுவந்தது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. பெரும்பாலும் ஏதாவது ஒரு முதலமைச்சர் மேல் பழி போகும். பதிவுகள் அதற்கு வெகு முன்னால் போகின்றன. சென்னை மாகாணத்தின் வடபகுதி வனப் பாதுகாவலராக இருந்த பெடோம், வறண்ட நிலத்தில் விறகுக்கு உதவும் மரம் வேண்டுமென்று 1876இல் விதை கேட்டு எழுதினார். 1877இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவும் வேலிக்காகவும் அரசே அதைப் பரப்பியது. ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தில் விதைத்தன. 1981இல் ஸ்வீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம், கண்மாய்களின் நீர்பிடிப்பில் நாட்டுக் கருவேலை வரிசை வரிசையாக நட்டது. கீழே நுழைய முடியாத முள், மேலே ஏறி அடைய உயரமான மரம். மலையடிவாரத்தில் மயிலுக்கு எது வேண்டுமோ அது இரண்டும் சமவெளியில் அமைந்துவிட்டது.

மூன்றாவது தேவை தீனி. அதைத் தந்தது தரிசு. இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் போட்ட மானாவாரிக் காட்டில் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஆள் நடமாட்டம் ஓயாது. களையெடுப்பு, காவல், ஆட்டுக்கிடை, விறகு பொறுக்குதல் என்று ஏதாவது ஒரு வேலைக்கு மனிதர் இருந்துகொண்டே இருப்பார்கள். பிறகு நூற்பாலை வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. சிவகாசிப் பக்கம் பட்டாசும் தீப்பெட்டியும் இழுத்தன. படித்தவர்கள் திருப்பூர், சென்னை என்று கிளம்பினார்கள். பருத்தி கட்டுப்படியாகவில்லை. விட்டுப்போன பிஞ்சையில் முதல் ஆண்டு புல், மூன்றாம் ஆண்டு கருவை. இடையில் இன்னும் உழுகிற ஒரு துண்டு நிலம். மயிலுக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது: ஒளிய ஓர் இடம், நாலு எட்டு நடந்தால் மேய ஓர் இடம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் ஒரு தொழிலாகவே நிலைத்துவிட்டதால் கருவையை வெட்டுவார்கள், ஆனால் வேரோடு எடுக்கமாட்டார்கள். வெட்ட வெட்ட அது இன்னும் அடர்ந்து தழைக்கும்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் சொன்ன கணக்கு. அவர் கணக்கில் மலையும் காடும் கெட்டால்தான் பாலை. நாம் இங்கே பாலைக்குள் ஒரு போலிக் குறிஞ்சியை முள்ளால் கட்டியிருக்கிறோம்.

நான்காவதாகச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மயிலைக் காப்பது புதிய சிந்தனை இல்லை. அரண்மனைச் சமையலுக்கு முன்பு ஏராளமான உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும்தான், அதுவும் இனி நிற்கும் என்று தன் முதல் பாறைக் கல்வெட்டில் அசோகன் பொறித்து வைத்திருக்கிறான். மயில் கறி அவனுக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று அந்த ஒரு கல்வெட்டிலேயே தெரிகிறது. 1963இல் மயில் தேசியப் பறவையானது. அந்தத் தேர்வில் கானமயிலுக்காக வாதாடியவர் பறவையியலாளர் சாலிம் அலி. வறண்ட புல்வெளியின் பறவை, அழிவின் விளிம்பில் இருக்கிறது, பட்டம் கிடைத்தால் கவனம் கிடைக்கும் என்பது அவர் நியாயம். பட்டம் மயிலுக்குப் போனது. கானமயில் இன்று நாடு முழுக்க நூற்றைம்பதுகூடத் தேறாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் சேர்த்தது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உதிர்ந்த இறகை உள்நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1990களில் மயில் குறைகிறது என்பதே நாட்டின் கவலையாக இருந்தது; பூச்சிமருந்து, இறகு வியாபாரம், வேட்டை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இலும் 2023இலும் வந்த அறிக்கைகளில் மயில் ஏறுமுகத்தில் இருக்கிறது. சட்டம் வெற்றி பெற்றிருக்கிறது. அந்த வெற்றிக்கு விதை நெல் கொடுத்தவர் யார் என்பதுதான் கணக்கில் வரவில்லை.

அதே அறிக்கைகளில் இன்னொரு வரிசையும் உண்டு. புல்வெளியையும் திறந்த காட்டையும் நம்பிய பறவைகள் இறங்குமுகத்தில் இருக்கின்றன. கரிசலில் முன்பு வெட்டவெளியில் ஓடித் திரிந்த ஆள்காட்டி இனங்கள், வானம்பாடிகள், கல் நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் கல்கௌதாரி எல்லாவற்றுக்கும் தூரத்துக்குக் கண் தெரிகிற நிலம் வேண்டும். கருவை அந்தப் பார்வையை மறைக்கிறது. மயில் பெருகியதைப் பார்த்து இயற்கை திரும்பிவிட்டது என்று மகிழ்கிற நகரத்து நண்பர்களுக்கு இது ஒரு செய்தி. ஒரு பறவை பெருகுவது நிலம் நன்றாயிருப்பதன் அடையாளம் ஆகாது. சில நேரம் நிலம் கைவிடப்பட்டதன் அடையாளம்.

சேதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அதன் தன்மை புரியும். புரட்டாசிப் பட்டத்தில் முதல் ஈரத்துக்கு மக்காச்சோளம் ஊன்றிய மூன்றாம் நாள், நான்காம் நாள் விடியற்காலம். பெட்டைகள் கருவை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். அவசரம் இல்லை. ஊன்றிய வரிசை அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. வரிசை தப்பாமல் நடந்து, அலகால் ஒரு கொத்து, மண் ஒரு பக்கம் சிதறும், முளைவிட்ட விதை உள்ளே போகும், இரண்டடி தள்ளி அடுத்த கொத்து. போன பிறகு பார்த்தால் சுண்டுவிரல் அளவுக் குழிகள் கயிறு பிடித்ததுபோல் நேராக ஓடும். கடலையும் அப்படித்தான். மிளகாயில் பூவையும் பிஞ்சையும் கிள்ளும். கதிர் முற்றினால் சாய்த்து உருவும். மறு ஊன்றலுக்கு விதை வாங்கலாம், போன ஈரத்தை எங்கே வாங்குவது? மானாவாரியில் ஒரு வாரம் தப்பினால் பட்டம் தப்பியது. பழைய சேலைகளைக் கிழித்துச் சுற்றிலும் வேலி கட்டுகிறார்கள். மினுங்குகிற நாடாவை இழுத்துக் கட்டுகிறார்கள். தகரம் தட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள். இரண்டு நாள் பயப்படும். மூன்றாம் நாள் அந்தச் சேலைக்கு அடியில் குனிந்து நுழைந்து வரும். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குடித்தபோது, மயில் அந்தப் புழுவையாவது தின்று தொலைக்கக்கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. தின்னவும் செய்யும். பாம்பு, பல்லி, கறையான், வெட்டுக்கிளி எதையும் அது விடுவதில்லை. ஆனால் விதைக்கும் புழுவுக்கும் நடுவே அது நம் வசதிப்படி தேர்ந்தெடுப்பதில்லை.

பொறுமை தீர்ந்த இடங்களில் விஷம் வைத்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் மருந்து கலந்த தானியம் தின்று மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்த செய்தி நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே கைதுச் செய்தியும். கைதாகிறவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஏக்கர்க்காரர். இந்தக் கொலையை நியாயப்படுத்த முடியாது. அந்தத் தானியத்தைக் கௌதாரியும் காடையும் புறாவும் நாயும்கூடத் தின்னும். ஆனால் தேசத்தின் பெருமிதத்துக்கான செலவு முழுவதும் மழையை நம்பி உழுகிற ஒருவர் தலையில் மட்டும் விழுகிற ஏற்பாட்டையும் நியாயப்படுத்த முடியாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் சாலிம் அலி நடத்திய ஆய்வில் மயில் பதிவாகவில்லை. இன்று கேரளத்தின் இடைநாட்டில் அது சாதாரணம். அந்த நிலம் வறள்வதன் குறியாக அதைப் பார்க்க வேண்டும் என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். கோவாவில் 2016இல் மயிலைத் தொல்லை தரும் விலங்குப் பட்டியலில் சேர்க்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பில் அடங்கியது. இலங்கையில் 2025 மார்ச் 15 காலை ஐந்து நிமிடம் நாட்டு மக்கள் அவரவர் தோட்டத்தில் நின்று குரங்கு, மலையணில், மயில் என்று பயிர் தின்னும் விலங்குகளை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையின் துல்லியம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆனால் சேதப்படுகிறவர்களையே எண்ணச் சொன்னது நல்ல யோசனை. தமிழ்நாட்டில் காட்டுப்பன்றிக்கு 2025 தொடக்கத்தில் அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிருக்குள் வந்தால் வனத்துறையினர் சுடலாம். மயிலுக்கு அந்த வழி கிடையாது, இருக்கவும் கூடாது. சுட்டுத் தீர்க்கிற பேச்சு வசதியானது. நிலத்தைப் பற்றிப் பேசுவதைத் தள்ளிப்போட அது உதவும்.

மயிலோடு மனிதன் வேறு மாதிரியும் இருந்திருக்கிறான். கருவை விதை வந்த இரண்டாம் ஆண்டு, 1879 டிசம்பர் 30 அன்று, திருச்சுழியில் பிறந்தவர் ரமணர். திருவண்ணாமலையில் அவரைச் சுற்றி மயில்கள் உலவியது ஊரறிந்தது. 1947இல் பரோடாவிலிருந்து ஒரு வெள்ளை மயில் ஆசிரமத்துக்கு வந்தது. அவர் பக்கத்திலேயே அது இருந்த படங்கள் இன்றும் வீடுகளில் தொங்குகின்றன. திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலுக்கு வருகிற பக்தர்கள் ரமணர் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு, வழியில் மயிலைக் கண்டால் கைகூப்புகிறார்கள். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு அதே மயில் போவது பக்கத்துப் பிஞ்சைக்கு. ஆசிரமத்தில் மயிலுக்குத் தீனி போட்டவர்கள் தங்கள் கைப்பொருளிலிருந்து போட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

செய்யக்கூடியது என்ன? சீமைக்கருவேலை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டபோது, தென்மாவட்டங்களில் பொக்லைன் வண்டிகள் இறங்கின. பிறகு வழக்கும் தடையும் கொள்கையும் என்று இழுபட்டு, வெட்டிய இடமெல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. ஒட்டுமொத்தமாக ஒரே ஆண்டில் பிடுங்குவது நடவாத காரியம். அதை நம்பி மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. உழுகிற நிலத்தை ஒட்டிய கருவையிலிருந்து தொடங்கலாம். பெட்டை முட்டையிடுவது அங்கேதான், விடியலில் அது வெளியே வருவதும் அங்கிருந்துதான். பிஞ்சையைச் சுற்றி ஐம்பது, அறுபது அடி திறந்த வெளியாக இருந்தால், ஒளிய இடமில்லாத நிலத்தைத் தாண்டி வர மயில் தயங்கும். கரிசலின் பழைய வெட்டவெளிப் பறவைகளுக்கும் அந்தப் பட்டை நிலம் உதவும். வேரோடு எடுக்கிற கூலியை வேலை உறுதித் திட்டத்தில் கொடுக்க எந்தச் சட்டமும் தடையாக இருக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் அந்த ஓரங்களில் அரிவாள் வைக்காமல் இருந்தால் போதும். மூட்டக்காரர்களுக்கு அது நல்ல வெயில் காலம்தான். அந்த இரண்டு மாதம் கண்மாய் உள்வாயில் இருப்பதை வெட்டட்டும்.

இரண்டாவது, இழப்பீடு. யானை மிதித்த வாழைக்கு மனு எழுத ஒரு வழி இருக்கிறது. முளையில் கொத்திப் போன விதைக்கு எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று கேட்டால், ஆள் மாற்றி ஆளைக் கைகாட்டுகிறார்கள். அறுவடைக்கு வந்த பயிரின் மதிப்பை மட்டும் பார்க்கிற முறையில் மறு ஊன்றல் செலவு விழவே விழாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மறுவிதைப்புக்கு ஒரு நிலையான தொகை, கிராம நிர்வாக அலுவலர் பார்த்துக் கையெழுத்திட்டால் பத்து நாளில் கணக்கில் ஏறுகிற மாதிரி வைத்தால், பாதி விஷம் ஊருக்குள் வராது. பணம் வனத்துறைத் தலைப்பிலிருந்து வர வேண்டும். வேளாண் துறைத் தலைப்பிலிருந்து வந்தால் மயிலைக் காப்பதற்கான செலவாக அது ஒருநாளும் எழுதப்படாது.

இந்த ஆண்டுப் பட்டத்துக்கு முன்பாக அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டங்களில் மட்டுமாவது இதை நடத்திப் பார்க்கலாம். பெரிய தொகை ஆகாது. விதைப்பு முடிந்து முளை வருகிற அந்தப் பத்து நாள் சேதம்தான் கணக்கு.